வீட்டிலிருந்து எழுத்து வேலை: தொடங்குகிறவர் முதல் வாடிக்கையாளரை எங்கே தேடுவது?

கரூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுமத்தை ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன், எழுதுவது இப்போதுதான்.

பி.காம் முடித்துவிட்டுக் கரூரில் வீட்டுத்துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பையர்களுக்கு (துணி வாங்கும் நிறுவனங்களுக்கு) மெயில் எழுதுவது, சாம்பிள் அனுப்புவது, தரப் பரிசோதனை அறிக்கையைச் சரிபார்ப்பது, இதெல்லாம்தான் வேலை. குழந்தை பிறந்த பிறகு தொடர முடியவில்லை. தமிழில் கதை, கட்டுரை எழுதுவேன். ஒரு வார இதழில் என் சிறுகதை வந்திருக்கிறது. ஆங்கிலம் ஆபீஸ் மெயில் அளவுக்குத் தடையில்லாமல் வரும்.

ஆன்லைனில் தனி வேலை பிடித்துத் தரும் தளங்களான அப்வொர்க், ஃபைவர் இரண்டிலும் கணக்கு தொடங்கிவிட்டேன். "தமிழ் எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், தட்டச்சு" என்று போட்டிருக்கிறேன். ஒரு விசாரிப்புகூட வரவில்லை. நேற்று டெலிகிராமில் ஒருவர், பிடிஎஃப் பக்கங்களைப் பார்த்து வேர்டில் அடித்துக் கொடுத்தால் பக்கத்துக்கு 60 ரூபாய், பதிவுக் கட்டணம் 1,500 என்றார். கட்டினால் இன்றே வேலை அனுப்புவாராம். கட்டலாமா?

இன்னொன்று. தமிழில் எழுதி மாதம் ஒரு தொகை பார்க்க முடியுமா, இல்லை ஆங்கிலத்துக்கே போய்விடுவது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சொல்வயல்

கட்டாதீர்கள் சகோதரி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

எழுத்து வேலையில் பணம் ஒரே திசையில்தான் போக வேண்டும், கொடுப்பவரிடமிருந்து எழுதுகிறவருக்கு. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புத்தொகை, எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடி. நீங்கள் சொல்லும் தட்டச்சு வேலையின் அடுத்த கட்டம் இன்னும் மோசம். அவர்கள் அனுப்பும் பிடிஎஃப் மங்கலான படமாக இருக்கும். 98 விழுக்காடு பிழையில்லாமல் வேண்டும் என்று ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ராப்பகலாக அடித்துக் கொடுத்ததும் "துல்லியம் போதவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்டஈடு கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வக்கீல் பெயரில் நோட்டீஸ் வரும். மானத்துக்குப் பயந்து வீட்டுக்குத் தெரியாமல் கட்டுகிறவர்கள் உண்டு. அந்த நோட்டீஸைப் பார்த்து யாரும் நடுங்க வேண்டியதில்லை.

யூடியூப் காணொளிக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்குவதும் இதே குடும்பம்தான். முதலில் சில நூறு ரூபாய் உண்மையிலேயே வரும். பிறகு "பெரிய டாஸ்க், முன்பணம் போடுங்கள்" என்பார்கள். இதைப் படிக்கிறவர் யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு. ஆதார், பான் நகலும் கொடுத்திருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கதை எழுதுவதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள், மெர்ச்சண்டைசர் வேலையை "இதெல்லாம்தான்" என்று தள்ளிவிட்டீர்கள். எழுத்தில் சம்பாதிக்க உங்களிடம் இருக்கும் மூலதனமே அந்த வேலைதான். "தமிழ் எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், தட்டச்சு" என்று போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். துண்டின் ஜிஎஸ்எம் என்றால் என்ன, பெட்ஷீட் ஏன் முதல் துவையலில் சுருங்குகிறது, பையர் ஏன் ஒரு லாட்டை (ஒரு தொகுதிச் சரக்கை) திருப்பி அனுப்புகிறார் என்று உள்ளேயிருந்து பார்த்து, அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

புதுவைப்பறவை

சொல்வயல் அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். எனக்கு இன்றும் பாதி வேலை அங்கிருந்துதான் வருகிறது. எப்படி இயங்குகின்றன என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

அப்வொர்க்கில் விண்ணப்பம் போடவே கனெக்ட்ஸ் (விண்ணப்ப டோக்கன்கள்) செலவாகும். ஒரு கனெக்ட் 15 சென்ட். ஒரு வேலைக்குப் பல கனெக்ட்ஸ் கேட்பார்கள், கண்ணில் பட்டதற்கெல்லாம் போட்டால் காசு கரைந்துவிடும். ஏற்கெனவே 50 பேர் விண்ணப்பித்த வேலையை விட்டுவிடுங்கள். வேலை கொடுப்பவரின் பணம் செலுத்தும் முறை சரிபார்க்கப்பட்டிருக்கிறதா, இதற்கு முன் யாரையாவது அமர்த்தியிருக்கிறாரா என்று பாருங்கள். வருமானத்தில் அவர்கள் எடுக்கும் பங்கு முன்பு 10 விழுக்காடாக இருந்தது. 2025 மே முதல் தொடங்கிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 விழுக்காடு வரை மாறும்.

ஃபைவரில் முறை வேறு. அங்கே நீங்கள் கடை விரித்து வைக்கிறீர்கள், வாங்குகிறவர் தேடி வருகிறார். 20 விழுக்காடு அவர்களுக்கு. 5 டாலர் வேலை என்றால் உங்கள் கைக்கு 4. புதிதாக வந்தவருக்கு வேலை முடிந்த பிறகு பணம் எடுக்க 14 நாள் காத்திருக்க வேண்டும். "தமிழில் எதையும் எழுதுவேன்" என்று வைத்தால் தேடலில் எங்கோ பின்பக்கத்தில் கிடப்பீர்கள். "வீட்டுத்துணி விற்பனைத் தளத்துக்குத் தயாரிப்பு விவரம்" என்று வைத்தால் தேடுகிறவர் குறைவு, ஆனால் தேடுகிறவருக்கு நீங்கள் கண்ணில் படுவீர்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. "உன் கணக்கை எனக்கு வாடகைக்குக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று வெளிநாட்டிலிருந்து செய்தி வரும். கொடுத்தால் கணக்கு போய்விடும், உங்கள் அடையாளத்தில் அவர்கள் செய்வதற்கெல்லாம் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். தளத்துக்கு வெளியே டெலிகிராமுக்கு வா என்று அழைப்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.

நிழல்மரம்

யாரும் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவு எந்திரம் 2022 நவம்பரில் வந்த பிறகு இந்தத் தொழிலே மிச்சம் இருக்கிறதா? நான் ஆங்கிலத்தில் எஸ்இஓ கட்டுரைகள் (கூகுள் தேடலில் முன்னே வருவதற்கான கட்டுரைகள்) எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை தந்த நிறுவனம் எல்லோரையும் நிறுத்திவிட்டது. இப்போது ஒரு புதியவரை இதற்குள் இழுப்பது நியாயமா? அவர் மனதைக் குலைக்க இதைச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையில்தான் கேட்கிறேன்.

மேசைவிளக்கு

நியாயமான கேள்வி. சென்னையில் தளங்களுக்கு எழுதித் தரும் ஒரு சிறிய உள்ளடக்க நிறுவனத்தில் ஆசிரியராக இருக்கிறேன், வேலை கொடுக்கும் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

"காலையில் வெந்நீர் குடிப்பதன் 10 நன்மைகள்" மாதிரிக் கட்டுரைக்கு நாங்கள் இப்போது யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. அந்த வேலை போய்விட்டது, திரும்பி வராது. எந்திரம் எழுதியதைக் கொட்டி நிரப்பிய தளங்களும் தப்பவில்லை. தேடலில் இடம் பிடிக்க மட்டுமே பெருமளவில் தயாரித்த பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச் மாற்றத்தில் குறிவைத்துக் கீழே தள்ளியது. அதன் பிறகு வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்பது மாறிவிட்டது. "இதை எழுதுகிறவர் அந்தத் துறையில் இருந்திருக்கிறாரா?" என்று முதல் அழைப்பிலேயே கேட்கிறார்கள்.

தமிழில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எந்திரம் தருகிற தமிழ் இலக்கணம் பிசகாமல் இருந்தாலும் எந்த ஊர் மனிதரும் பேசாத தமிழாக இருக்கிறது. வங்கிச் செயலி, காப்பீட்டுப் படிவம், மருந்து அட்டை இவற்றில் அப்படி வந்தால் வாடிக்கையாளருக்குப் புகார்கள் குவியும். அதனால் எந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலை நிறைய வருகிறது. கூலி மொழிபெயர்ப்பை விடக் குறைவு, சில சமயம் முழுதாக எழுதுவதை விட நேரம் கூடுதலாகவும் பிடிக்கும். ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு பக்கத்தைத் திருத்திப் பார்த்து, மணிக்கு எவ்வளவு முடிகிறது என்று கணக்குப் போட்டுவிட்டு விலை சொல்லுங்கள்.

நிழல்மரம், உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இத்தனை காலம் எந்தத் துறை பற்றி அதிகம் எழுதினீர்கள்? அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்தத் துறை ஆட்களிடம் நேரே பேசி எழுதுங்கள். நேரில் போய்ப் பேட்டி எடுத்து எழுதுவதை எந்திரம் செய்வதில்லை.

கரூர்க்காரி, உங்களுக்கு என் யோசனை: மாதிரிக் கட்டுரை மூன்று தயார் செய்யுங்கள். யாரும் கேட்பதற்கு முன்பே. பொதுவான தலைப்பு வேண்டாம், உங்கள் துறையிலேயே இருக்கட்டும்.

கரூர்க்காரி

அந்த டெலிகிராம் ஆளை பிளாக் செய்துவிட்டேன். நன்றி சொல்வயல் அண்ணா.

மேசைவிளக்கு சார் (மேடமா?), மாதிரிக் கட்டுரை என்றால் எதைப் பற்றி? துணி பற்றி யார் படிப்பார்கள் என்று தோன்றுகிறது. அப்புறம், கதை எழுதி அதில் வருமானம் பார்க்க வழியே இல்லையா?

மேசைவிளக்கு

மேடம்தான், அக்கா என்றே சொல்லுங்கள்.

துணி வாங்காத வீடு இருக்கிறதா? ஆன்லைனில் துண்டு வாங்குகிறவர் 350 ஜிஎஸ்எம், 550 ஜிஎஸ்எம் என்று பார்க்கிறார், அது என்னவென்று தெரியாமல் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குகிறார். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில் எவ்வளவு என்பதுதான் அது. எண் கூடினால் துண்டு தடிமனாக இருக்கும், தண்ணீரை நன்றாக உறிஞ்சும், ஆனால் மழைக்காலத்தில் காயவே காயாது. இதை உங்களைவிட நன்றாக யார் எழுதுவார்?

இரண்டாவது, த்ரெட் கவுண்ட். ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையுமாக (நீளவாக்கிலும் குறுக்கிலும்) எத்தனை நூல் என்ற கணக்கு. முறுக்கிய இரட்டை நூலை இரண்டாக எண்ணி 500, 1,000 என்று பெட்டியில் அச்சடிக்கிற பழக்கம் இருக்கிறது. அதை விளக்கி ஒரு கட்டுரை.

மூன்றாவது, ஆர்கானிக். ஜிஓடிஎஸ் என்ற ஆர்கானிக் துணிச் சான்றில் "ஆர்கானிக்" என்று முத்திரை போட 95 விழுக்காடாவது இயற்கை வேளாண் இழை வேண்டும், 70 விழுக்காடு இருந்தால் "ஆர்கானிக் இழை கொண்டது" என்ற அளவில்தான் போடலாம். கடையில் வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

இந்த மூன்றையும் தமிழில் எழுதுங்கள், ஒன்றை மட்டும் ஆங்கிலத்திலும். ஒரு இலவச வலைப்பதிவில் ஏற்றி வையுங்கள். யாராவது மாதிரி கேட்டால் ஒரு இணைப்பு அனுப்ப முடிய வேண்டும், அவ்வளவுதான். கவிதையும் சிறுகதையும் அந்தப் பக்கத்தில் வேண்டாம். அவை நன்றாக இருக்கும், ஆனால் துணிக்கடைக்காரருக்கு அவற்றை வைத்து உங்களை எடை போடத் தெரியாது.

புதுவைப்பறவை

கதைக் கேள்விக்கு நான் சொல்கிறேன். வழி இருக்கிறது, ஆனால் வீட்டுச் செலவுக்கு அதை நம்பித் தொடங்க வேண்டாம். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல் ஏற்றலாம். கிண்டில் அன்லிமிடெட் என்ற வாசகர் சந்தாவில் வைத்தால் படிக்கப்பட்ட பக்கங்களுக்கு ஏற்பப் பணம் வரும். தொடர்கதைக்காரர்கள் அதிலும் பிரதிலிபி கதைத் தளத்திலும் நன்றாக வாசகர்களைப் பிடித்திருக்கிறார்கள். வாரம் தவறாமல் எழுதி வாசகர்களைச் சேர்க்கப் பொறுமை வேண்டும். சொந்த வலைப்பதிவுக்கும் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் 2018 முதல் தமிழை ஏற்கிறது, ஆனால் விளம்பர வருமானம் வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கதையை விடாதீர்கள், வாடகை கட்டுவது வேறு எழுத்தாக இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்தான்

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து மொழிபெயர்ப்பு செய்கிறேன். விலை விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இழக்கிற ஒரு இடத்தைச் சொல்கிறேன், வடிவாகக் கேளுங்கோ.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் வேலைக்கு எப்போதும் மூல ஆங்கிலச் சொற்களைக் கணக்கிட்டே காசு கேளுங்கள். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் 1,000 ஆங்கிலச் சொற்கள் தமிழுக்கு வரும்போது எனக்குப் பெரும்பாலும் 700, 800 சொற்களாகச் சுருங்கிவிடும். "முடித்த தமிழ்ப் பிரதிக்குச் சொல் கணக்கில் தருகிறோம்" என்பவரிடம் ஒத்துக்கொண்டால் கால்வாசிக் கூலி கண் முன்னே போய்விடும். அதே காரணத்தால் நேரடியாகத் தமிழில் எழுதும் கட்டுரைக்கு ஆங்கிலக் கட்டுரையின் சொல்விலையை அப்படியே வைக்கக் கூடாது. 800 தமிழ்ச் சொற்கள் என்பது ஆங்கிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அதைவிடக் கட்டுரைக்கு இவ்வளவு என்று முழுத்தொகை பேசுவது நல்லது.

அடுத்தது எழுத்துரு. ஒருங்குறியில் (யூனிகோட்) எழுதிக் கொடுங்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவைக் கேட்கிற அச்சகங்கள் இருக்கின்றன, உங்கள் பக்கத்திலும் பழைய எழுத்துருவில் பக்கம் வடிவமைப்பவர்கள் உண்டு. மாற்றிக் கொடுப்பது இலேசு, ஆனால் மாற்றிய பின் ஒருமுறை முழுக்க வாசிக்க வேண்டும், எழுத்துகள் இடம் மாறி நிற்கும். அந்த நேரத்துக்கும் விலை சேருங்கள். தமிழ் 99 விசைப்பலகை பழகாமல் ஒலிபெயர்ப்பு முறையில் (ammaa என்று அடித்து அம்மா வரவைப்பது) அடிப்பவரென்றால் இப்போதே மாறிவிடுங்கள். கை வேகம் கூடினால் அது நேரே வருமானம்.

இன்னுமொன்று. கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியாவில் இருந்து வருகிற சுகாதார, அரச அறிவித்தல் வேலைகளில் பெரும்பாலும் இலங்கைத் தமிழ் கேட்பார்கள். உங்களுக்குப் பழக்கமில்லாவிட்டால் அதை நேரே சொல்லி, இலங்கைத் தமிழர் ஒருவரை வைத்துச் சரிபார்க்கிறேன் என்று சொல்லுங்கள். நானும் தமிழ்நாட்டு வாசகருக்கான வேலை வந்தால் அப்படித்தான் செய்கிறேன். அவுஸ்திரேலிய அரச வேலைக்கு நாட்டி என்ற அந்நாட்டு மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் கேட்பார்கள், அது இல்லாமல் அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கரூர்க்காரி

ரொம்ப நன்றி அண்ணா. இந்தச் சொல் கணக்கு எனக்குத் தோன்றியே இருக்காது.

மூன்று கட்டுரையும் எழுதி ஏற்றிவிட்டேன். வீட்டுத்துணி விற்கும் சில ஆன்லைன் கடைகளுக்கு அனுப்ப ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம். நான் ஓர் ஆர்வமுள்ள எழுத்தாளர். சிறு வயதிலிருந்தே எழுத்தின் மீது தீராத காதல் கொண்டவள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கட்டுரை, கதை, கவிதை, மொழிபெயர்ப்பு, தட்டச்சு அனைத்தும் செய்வேன். குறைந்த கட்டணத்தில் தரமாகச் செய்து தருவேன். எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் என் திறமையை நிரூபிப்பேன். தங்கள் பதிலுக்காக ஆவலுடன் காத்திருக்கிறேன்."

மேசைவிளக்கு

அனுப்பாதீர்கள், நல்லவேளை இங்கே போட்டீர்கள். இதே கடிதம் என் மேசைக்கு வாரம் தவறாமல் வருகிறது, அனுப்புகிறவர் பெயர் மட்டும் மாறும்.

வரி வரியாகப் பார்ப்போம். "எழுத்தின் மீது காதல்" உங்களைப் பற்றியது, கடைக்காரருக்கு அதனால் பயனில்லை. "அனைத்தும் செய்வேன்" என்றதும் எதிலும் தேர்ச்சி இல்லை என்று படிக்கிறவர் முடிவு செய்துவிடுவார். "குறைந்த கட்டணம்" என்று அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் விலையை இறக்கிவிட்டீர்கள். "வாய்ப்பு அளித்தால்" என்பது உதவி கேட்கும் குரல். நீங்கள் உதவி கேட்கவில்லை, அவர் கடையில் இருக்கும் ஒரு ஓட்டையை அடைத்துத் தருவதாகச் சொல்லப் போகிறீர்கள்.

ஒவ்வொரு கடைக்கும் தனிக் கடிதம் வேண்டும். முதலில் அவர்கள் தளத்துக்குப் போய் நான்கைந்து பொருள்களின் பக்கத்தைப் படியுங்கள். பிறகு இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். உங்கள் தளத்தில் பருத்திப் படுக்கை விரிப்புப் பக்கங்களைப் பார்த்தேன். அளவு 90க்கு 100 அங்குலம் என்று இருக்கிறது. எத்தனை அங்குல உயர மெத்தை வரை மடித்துச் செருகலாம், முதல் துவையலில் எவ்வளவு சுருங்கும் என்று இல்லை. வாங்கிய பிறகு திருப்பி அனுப்புவதற்கு இந்த இரண்டும் முக்கியமான காரணங்கள். கரூரில் வீட்டுத்துணி ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக இருந்தவள் நான். உங்கள் விரிப்புகளில் ஒன்றுக்கான விவரத்தை மாற்றி எழுதிக் கீழே வைத்திருக்கிறேன். பிடித்திருந்தால் மற்ற பக்கங்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர முடியும். என் கட்டுரைகள் இந்த இணைப்பில் உள்ளன."

கீழே ஒரே ஒரு பொருளுக்கு நான்கைந்து வரி. அதற்கு மேல் இலவசம் வேண்டாம். தெரியாத விவரத்தை நிரப்பாதீர்கள். சுருக்க அளவு அவர்கள் தர வேண்டியது, அந்த இடத்தில் "உங்கள் பரிசோதனையில் வந்த அளவு" என்று விட்டு வையுங்கள். அதைப் பார்த்ததும் தொழில் தெரிந்த ஆள் என்று புரிந்துகொள்வார்கள்.

தளத்தில் போட்டிருக்கும் பொது மின்னஞ்சலுக்கு அனுப்பினால் பெரும்பாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். சின்னக் கடை என்றால் உரிமையாளரையே லிங்க்ட்இனில் தேடுங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் துரத்த வேண்டாம். உங்கள் பழைய நிறுவனத்தில் கூட வேலை பார்த்தவர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். தெரியாத பத்து பேருக்கு எழுதுவதை விடத் தெரிந்த ஒருவரை அழைப்பது பலன் தரும்.

கரூர்க்காரி

அக்கா, அப்படியே மாற்றி அனுப்பினேன். ஒரு இடத்தில் இருந்து பதில் வந்துவிட்டது! பழைய தோழி ஒருத்தி மூலம் இன்னொரு இடத்திலும் பேசியிருக்கிறேன்.

பதில் போட்டவர் "எழுத்து பிடித்திருக்கிறது, சோதனைக்காக 15 பொருளுக்கு எழுதி அனுப்புங்கள், பிறகு விலை பேசலாம்" என்கிறார். இதற்கு என்ன சொல்வது? தோழி சொன்ன இடத்தில் ஒரு சொல்லுக்கு 20 பைசா தருவார்களாம். ஆரம்பம்தானே, ஏற்றுக்கொள்ளட்டுமா?

சொல்வயல்

15 பொருள் என்பது சோதனை ஆகாது, முழு வேலை. ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும் 15, 15 ஆக வாங்கி முழுத் தளத்தையும் இலவசமாக நிரப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர் அப்படிப்பட்டவரா என்று நமக்குத் தெரியாது, அதனால் மரியாதையாகவே பதில் எழுதுங்கள். "ஒரு மாதிரி ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன். முதல் 5 பொருளுக்குச் சோதனைக் கட்டணமாக இவ்வளவு, பிடித்தால் மீதியைத் தொடரலாம்" என்று ஒரு தொகை குறிப்பிடுங்கள். நல்லவர் ஒப்புக்கொள்வார். மற்றவர் பதிலே போட மாட்டார், உங்கள் நேரம் மிச்சம்.

20 பைசா கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,000 சொல் கட்டுரை 200 ரூபாய். தகவல் தேடி, எழுதி, திருத்தி முடிக்க நான்கு மணி நேரம் என்றால் மணிக்கு 50 ரூபாய். கரண்ட், இணையம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாராவது இருந்தால் அவருக்கான செலவு எல்லாம் இதிலிருந்தே போக வேண்டும். ஆரம்பம் என்பதற்காகக் கொஞ்சம் இறங்கலாம், இந்த அளவுக்கு வேண்டாம். 20 பைசாவில் தொடங்கினால் அதே ஆளிடம் ஒரு ரூபாய்க்கு ஏறவே முடியாது, புது ஆளைத்தான் தேட வேண்டிவரும். ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு பொருள் விவரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று மாதிரி எழுதும்போதே பார்த்திருப்பீர்கள். இரண்டையும் பெருக்கினால் உங்கள் விலை.

முதல் வேலைக்குப் பாதித் தொகை முன்பணம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள், இரண்டு முறை போதும். எல்லாம் மின்னஞ்சலில் இருக்கட்டும், போனில் பேசினாலும் "நாம் பேசியபடி" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

கணக்கர்

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பணம் வரத் தொடங்கும்போது கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பில் போடுங்கள். உங்கள் பெயர், முகவரி, பான், வரிசை எண், தேதி, என்ன வேலை, எவ்வளவு, வங்கி விவரம், எந்தத் தேதிக்குள் பணம் வேண்டும், இவ்வளவுதான். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. ஒரு நிறுவனம் உங்களுக்கு ஆண்டில் 50,000க்கு மேல் கொடுத்தால் தொழில்முறைக் கட்டணம் என்று 10 விழுக்காடு டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பணம் குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், வருமான வரித் தளத்தில் உங்கள் பானில் அது தெரியும். மொத்த வருமானத்துக்கு வரி இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பான் கொடுக்காவிட்டால் 20 விழுக்காடு போகும்.

வெளிநாட்டுப் பணம் பேபால், பேயோனியர் போன்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக வந்தால் அந்நியச் செலாவணி வரவுக்கான சான்றைப் பதிவிறக்கி வையுங்கள். பின்னால் கேட்பார்கள்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் செய்துவிடுங்கள். ஆதார், பான் இருந்தால் போதும், இலவசம், அரசின் தளத்திலேயே முடிக்கலாம். அதற்குக் காசு கேட்கும் தளங்கள் போலியானவை. குறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு இந்தியாவில் உள்ள வாங்குகிறவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். இது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வட்டி உண்டு, அதற்கான அரசுத் தளத்தில் புகார் போடலாம். பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே பல இடங்களில் பணம் வேகமாக வருகிறது, என் அனுபவத்தில் பார்த்தது.

கரூர்க்காரி

சொல்வயல் அண்ணா சொன்ன மாதிரியே எழுதினேன். 15 கேட்டவர் 5 பொருளுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டு பாதியை ஜிபேயில் அனுப்பிவிட்டார். தோழி சொன்ன இடத்துக்கு என் விலையைச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். "எழுதியதன் முழு உரிமையும் எங்களுக்கே" என்று மெயிலில் ஒரு வரி போட்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார். இதற்குச் சம்மதிக்கலாமா?

மேசைவிளக்கு

பொருள் விவரத்துக்குச் சம்மதிக்கலாம், அது வழக்கம்தான். நம் பதிப்புரிமைச் சட்டப்படி சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக எழுதுகிறவரின் எழுத்துக்குப் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். அதனால்தான் கேட்கிறார், சரியாக நடக்கிறவர் என்று அர்த்தம். எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அந்த வரியோடு இரண்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். முழுத்தொகையும் வந்த பிறகே உரிமை மாறும். இந்த வேலையை என் மாதிரித் தொகுப்பில் காட்ட எனக்கு அனுமதி உண்டு. உங்கள் வலைப்பதிவில் இருக்கும் அந்த மூன்று கட்டுரைகளும் இதில் அடங்காது என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். இதற்கெல்லாம் அவர் மறுக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மறுத்தால் அவர் சொன்ன பதிலை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.